சக்கரத்தில் மண் தட்டு வனையும் முறை

சம்பா அறுவடை முடிந்து, ஏரிகளில் நீர் வற்றி, மானாவாரி நிலக்கடலை விதைப்புக்கு மழை வரும் வரையில் விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சிறு உழவர் குடும்பங்களுக்கு வேலை குறைவு. இந்த ஓய்வு நாட்களில் அதிகச் செலவின்றிக் கற்றுக் கொள்ளக் கூடிய கைத்தொழில்களுள் ஒன்று மட்பாண்டம் வனைதல். இதற்கு வேண்டிய மண் ஏரியில் உள்ளது. எரிபொருள் தோட்டத்தில் உள்ளது. சொல்லிக் கொடுக்கும் ஆசான் பெரும்பாலும் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறார்.

புதிதாகப் பழகுவோர் பலர் தட்டில் தொடங்க விரும்புகின்றனர். தட்டையாக இருப்பதால் அது எளிது என்பது அவர்கள் எண்ணம். உண்மை இதற்கு மாறானது. பானை தன் வளைவினால் தன்னைத் தானே தாங்கி நிற்கிறது. தட்டுக்கு அந்தத் தாங்கல் இல்லை. விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும்போது நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். இந்த இழுபறியில் தட்டு கோணிக் கொள்ளும். அல்லது நடுவில் பிளந்து விடும். சூளையில் வைக்கும் வரை நன்றாக இருந்த தட்டு, எடுக்கும்போது இரண்டாக இருப்பதும் உண்டு. பத்து நாள் உழைப்பு ஒரு நாளில் ஓடாகிப் போகாமல் இருக்கக் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் இங்கே தரப்படுகின்றன.

இப்பகுதியின் தொன்மை

சக்கரத்தில் தட்டு வனைவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, உட்புற அடியில் வட்ட வட்டமாகச் சிறு புள்ளிக் கோலம் பதித்த மெல்லிய தட்டுகள் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இத்தட்டுகள் சக்கரத்தில் வனையப்பட்டவை. இவை மேலை நாட்டிலிருந்து வந்தவை என்று முதலில் கருதப்பட்டது. பின்னர் நடந்த மண் ஆய்வுகள் இவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று காட்டின.

அய்யனார் கோயில்களுக்கு மண் குதிரை செய்யும் கலையும் இம்மாவட்டக் குலாலர்களிடம் வழிவழியாக இருந்து வருகிறது. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் ஆகியோர் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலக் கூடம், உயர் வெப்பத்தில் சுட்டு மெருகூட்டிய தட்டுகளுக்குப் பெயர் பெற்றது. அவ்வகைத் தட்டுக்குச் சுமார் 1,250 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பம் தரும் தனிச் சூளையும், வேறு வகை மண்ணும் தேவை. நாம் இங்கே பேசுவது ஏரிக் களிமண்ணில் செய்து ஊர்ச் சூளையில் சுடும் செந்நிறத் தட்டைப் பற்றியே.

மண் எங்கே எடுப்பது?

சொந்த வயலின் மேல்மண்ணை ஒரு கூடை கூட எடுக்க வேண்டாம். பயிருக்கு வேண்டிய மக்கும், நுண்ணுயிர்களும், ஊட்டச்சத்தின் பெரும்பகுதியும் மேலுள்ள அரை அடி மண்ணிலேயே உள்ளன. மேலும், தட்டு செய்ய மண் அதிகம் தேவைப்படாது. ஒரு தட்டுக்கு ஒன்றரை கிலோ ஈர மண் என்று வைத்துக் கொண்டால், 100 தட்டுக்கு 150 கிலோ போதும். உலர்ந்த நிலையில் இது சுமார் 120 கிலோ ஆகும். மாட்டு வண்டியில் கால் பாகம் கூட ஆகாது.

கோடையில் வற்றிய ஏரியின் உட்பகுதியில் படிந்துள்ள களிமண்ணே ஏற்றது. மண்பாண்டத் தொழிலுக்கு ஏரி, குளங்களிலிருந்து கட்டணமின்றிக் களிமண் எடுத்துக் கொள்ளத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் இடமுண்டு. 2024-ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி வழங்க வகை செய்யப்பட்டுள்ளது. கிராம நிர்வாக அலுவலரை அணுகி விவரம் கேட்கவும். அனுமதியின்றி மண் வெட்டக் கூடாது. அனுமதி இருந்தாலும் கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றின் அருகே தோண்டக் கூடாது.

மண் சோதனை

கொண்டு வந்த மண்ணை நான்கு வகையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1. சுருள் சோதனை: ஈர மண்ணைச் சுண்டு விரல் பருமனுக்குத் திரித்து, விரலைச் சுற்றி வளைக்கவும். வெடிக்காமல் வளைந்தால் பசை போதும். வெடித்தால் மணல் அதிகம்.

2. பாட்டில் சோதனை: கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்கு நீரும் இட்டுக் குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வைக்கவும். அடியில் மணல், அதன் மேல் வண்டல், அதன் மேல் களி எனப் படியும். களி அடுக்கு பாதிக்கும் குறையாமல் இருப்பது நல்லது.

3. சுண்ணாம்புச் சோதனை: கரிசல் சார்ந்த மண்ணில் சுக்கான் கல் கலந்திருக்கும். உலர்ந்த மண்ணின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும். இக்கல் சூளையில் வெந்து சுண்ணாம்பாகிப் பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். தட்டு சுட்ட சில நாட்களுக்குப் பின் பொரிப் பொரியாக உதிர்வதற்கு இதுவே காரணம். அதிகம் நுரைக்கும் மண்ணை ஒதுக்கி விடவும்.

4. உப்புச் சோதனை: மரக்காணம், கழுவேலி ஓரம் போன்ற கடல் சார்ந்த இடங்களின் மண்ணில் உப்பு இருக்கும். சிறு வில்லை செய்து உலர்த்தினால் மேலே வெள்ளை பூக்கும். அத்தகைய மண்ணை நல்ல நீரில் இரு முறை கரைத்து, தெளிந்த நீரை வடித்து விட்டுப் பயன்படுத்தலாம்.

மண்ணைப் பதப்படுத்துதல்

மண்ணை வெயிலில் நன்கு காய வைத்துக் கட்டிகளை உடைக்க வேண்டும். காய்ந்த மண்தான் நீரில் விரைவில் கரையும். ஈரக் கட்டியை ஊற வைத்தால் உள்ளே கரையாமல் நிற்கும். தொட்டியில் இரண்டு நாள் ஊற வைத்துக் கூழாகக் கலக்கி, கொசுவலை அளவுக் கண்ணுள்ள சல்லடையில் வடிகட்டவும். வேர், கல், கிளிஞ்சல் யாவும் நீங்கி விடும்.

கூழ் படிந்ததும் மேல் நீரை வடித்து, சாக்கின் மேல் பரப்பி நீரை இழுக்கச் செய்யவும். சப்பாத்தி மாவைக் காட்டிலும் சற்றுத் தளர்ந்த பதம் வந்ததும், உலர் மண் 10 கிலோவுக்கு 1 முதல் 2 கிலோ வரை சலித்த நுண்மணல் என்ற கணக்கில் கலந்து காலால் மிதிக்கவும். மணல் கலப்பதால் மண் சுருங்குவது குறையும். உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியேறும். மிகுதியாகக் கலந்தால் பசை போய்விடும்.

மிதித்த மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் குறைந்தது ஒரு வாரம் வைத்திருக்கவும். புளித்த மாவு போல இம்மண் இணக்கமாக இருக்கும். வனையும் முன் மீண்டும் பிசைந்து, மெல்லிய கம்பியால் குறுக்கே அறுத்துப் பார்க்கவும். அறுத்த முகத்தில் காற்றுக் குமிழ்க் குழிகள் இல்லாதிருக்க வேண்டும்.

சுருக்கத்தைக் கணக்கிடுதல்

பதப்படுத்திய மண்ணில் 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. பருமனில் ஒரு பட்டை செய்து, அதன் மேல் சரியாக 10 செ.மீ. கோடு கிழிக்கவும். உலர்த்திச் சுட்ட பின் கோட்டை அளக்கவும். 9 செ.மீ. இருந்தால் சுருக்கம் 10 சதவிகிதம். அப்படியானால் 25 செ.மீ. தட்டு வேண்டுமெனில், 28 செ.மீ. அகலத்தில் வனைய வேண்டும். சுருக்கம் 12 சதவிகிதத்திற்கு மேல் போனால் மணலைச் சிறிது கூட்டிக் கொள்ளவும். மண்ணின் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்வது அவசியம்.

சக்கரமும் கருவிகளும்

தடியால் சுழற்றி விடும் பழைய சக்கரம் தன் கனத்தினாலேயே சில நிமிடங்கள் ஓடும். வேகம் தானே குறைந்து வருவது தட்டு வனைவதற்கு நன்மையே. ஆனால் குனிந்து வனைய இடுப்பு பழக வேண்டும். மின் சக்கரத்தில் உட்கார்ந்து வனையலாம். வேகத்தை மிதியால் கூட்டவும் குறைக்கவும் முடியும். கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018-இல் தொடங்கிய திட்டத்தின் வழியாக மட்பாண்டத் தொழிலாளர்களுக்கு மின் சக்கரங்கள் வழங்கியுள்ளது. பழகும் காலத்தில் சொந்தமாகச் சக்கரம் வாங்க வேண்டாம். ஊர்க் குலாலரிடம் பேசி, அவருடைய நேரத்துக்குரிய கூலியைக் கொடுத்து, அவர் சக்கரத்திலேயே பழகுவது சிறந்தது. எழுத்தில் சொல்ல முடியாத கைப்பதத்தை அவர் ஒரே நாளில் திருத்தி விடுவார்.

மற்றக் கருவிகள்: 30 செ.மீ. அகலமுள்ள வட்ட ஒட்டுப்பலகைகள் பத்து, வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சித் துண்டு, மூங்கில் சீவுளி, அறுக்கும் கம்பி, பழந்துணி, ஒரு வாளி நீர். ஒட்டுப்பலகை மிகவும் முக்கியம். ஈரத் தட்டைக் கையால் தூக்கினால் அது மீண்டும் நேராகாது. பலகையோடுதான் எடுக்க வேண்டும்.

தட்டு வனையும் முறை

1. சக்கரத்தின் மேல் மெல்லிய மண் வளையம் ஒன்றை இட்டு, அதன் மேல் நனைத்த ஒட்டுப்பலகையை அழுத்திப் பதிக்கவும். பலகை ஆடக் கூடாது.

2. ஒன்றரை கிலோ மண்ணை உருண்டையாக்கிப் பலகையின் நடுவில் ஓங்கி வைக்கவும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, மண்ணை இரு கையாலும் அழுத்தி நடுவுக்குக் கொண்டு வரவும். கை ஆடாமல் மண் ஓடினால் நடு வந்து விட்டது எனலாம். நடு வராமல் அடுத்த வேலைக்குப் போவதில் பயனில்லை.

3. மண்ணை உயர்த்தாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, அகன்ற வட்டமாகப் பரப்பவும். அடிப்பகுதி 12 முதல் 15 மி.மீ. பருமன் இருக்கட்டும். ஓரத்தில் கட்டை விரல் பருமனுக்கு ஒரு வளையமாக மண்ணை விட்டு வைக்கவும். இதுவே பின்னர் விளிம்பாகும்.

4. கொட்டாங்கச்சித் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் ஐந்து முறை அழுத்தித் தேய்க்கவும். அவசரத்தில் பலர் விட்டு விடும் வேலை இதுதான். பானையின் சுவரை விரல்கள் இருபுறமும் நெருக்குவதால் அங்கு மண் இறுகுகிறது. தட்டின் அடியையோ யாரும் நெருக்குவதில்லை. நெருக்கப்படாத அடிதான் நடுவில் நெளிந்து பிளக்கிறது.

5. ஓர வளையத்தை முதலில் நேராக மேலே 4 அல்லது 5 செ.மீ. உயர்த்தவும். பருமன் ஒரே சீராக இருக்க வேண்டும். விளிம்பை நனைந்த துணியால் மெதுவாக அழுத்தி உருட்டவும். மெல்லிய கூர் விளிம்பு முதலில் காய்ந்து வெடிக்கும்.

6. தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுக்கவும். பிறகு சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து, கொட்டாங்கச்சியால் சுவரை உள்ளிருந்து வெளிப்புறமாகச் சாய்க்கவும். ஒன்றிரண்டு தடவையில் முடித்து விடவும். முற்றிலும் படுக்க விடாமல் சற்று மேல் நோக்கியே நிறுத்தவும். காயும்போது அது மேலும் தாழும். வேகம் அதிகமானால் விளிம்பு துவண்டு விழும்.

7. மூங்கில் சீவுளியால் அடி ஓரத்து மிகுதி மண்ணைச் சீவி, கம்பியைப் பலகையோடு ஒட்டி இழுத்து அறுத்து விடவும். தட்டை எடுக்காமல் பலகையோடு நிழலுக்குக் கொண்டு போகவும்.

உலர்த்தலும் அடி சீவுதலும்

வெயிலிலும் காற்று வீசும் திண்ணையிலும் உலர்த்தக் கூடாது. சித்திரை, வைகாசிக் காற்று ஒரு மணி நேரத்தில் விளிம்பைக் காய வைத்து விடும். மூடிய அறையில் வைத்து, விளிம்பின் மேல் மட்டும் ஈரத் துணிப் பட்டையைச் சுற்றி வைக்கவும். நடு திறந்திருக்கட்டும்.

விரலால் அழுத்தினால் குழி விழாமல், நகம் பட்டால் கீறல் விழும் நிலையைத் தோல் பதம் என்பர். இந்தப் பதத்தில் மேலே மற்றொரு பலகையை வைத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கவிழ்க்கவும். கவிழ்த்த தட்டைச் சக்கரத்தின் நடுவில் அமைத்து, அடியைச் சுமார் 8 மி.மீ. பருமனுக்குச் சீவி, கால் வளையம் எடுக்கவும். வளையம் விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் நடு தொங்கும். நடுவுக்கு மிக அருகில் இருந்தால் விளிம்பு தொங்கும். 25 செ.மீ. தட்டுக்கு 16 செ.மீ. வளையம் பொருந்தும். இதைவிடப் பெரிய தட்டுக்கு நடுவில் இன்னொரு சிறு வளையமும் விடவும்.

சீவிய தட்டைக் கவிழ்த்த நிலையிலேயே ஏழு முதல் பத்து நாட்கள் உலர விடவும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது. குளிர்ச்சி இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள்.

சுடுதல்

முதல் இரண்டு மூன்று தடவை உங்கள் தட்டுகளை ஊர்க் குலாலரின் சூளையிலேயே வைத்துச் சுடக் கேட்டுக் கொள்ளவும். சூளையின் போக்கை உடனிருந்து கவனிக்கவும். பிறகு சொந்தமாகச் சுடும்போது கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளவும்.

எரிபொருளாக வைக்கோலை அதிகம் செலவிட வேண்டாம். அது மாட்டுக்குத் தீவனம். டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களைத் தந்த திண்டிவனம் வட்டாரத்தில் கடலைத் தோலுக்குக் குறைவில்லை. அதனுடன் சவுக்கு மிலாறு, தென்னை மட்டை, வறட்டி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். வைக்கோலை மேல் மூடாக்குக்கு மட்டும் கொள்ளவும். வைக்கோல் போர், கூரை வீடு, மின் கம்பி ஆகியவற்றுக்கு எட்டத்தில், காற்று அடங்கிய நாளில் மூட்டவும். மழைக்காலத்தில் சூளை வேண்டாம்.

தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கினால் விளிம்பு சூடேறி, நடு குளிர்ந்திருக்கும். செங்குத்தாக நிறுத்தி, இடையில் ஓட்டுத் துண்டு செருகி அடுக்கவும். மேலே எரிபொருளும் வைக்கோலும் பரப்பிச் சேற்றால் மெழுகி, புகை போக்க ஓட்டைகள் விடவும்.

முதல் இரண்டு மூன்று மணி நேரம் கனல் மட்டுமே இருக்க வேண்டும். நீர் கொதிக்கும் 100 டிகிரியை வேகமாகத் தாண்டினால், மண்ணுள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தட்டை வெடிக்கச் செய்யும். ஓட்டையில் பிடித்த கண்ணாடித் துண்டில் வியர்வை படியாத போது ஈரம் நீங்கி விட்டது என அறியலாம். அதன் பின் தீயைக் கூட்டவும். சுமார் 570 டிகிரியில் மணலிலுள்ள படிகக்கல் திடீரென விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் திடீரெனச் சுருங்குகிறது. ஆகவே ஏற்றமும் இறக்கமும் நிதானமாக இருக்க வேண்டும். தட்டுகள் செங்கனல் நிறம் அடைந்தால், அதாவது 750 முதல் 850 டிகிரி அளவில், வேக்காடு போதும். மறுநாள் மாலை வரை சூளையைப் பிரிக்கக் கூடாது.

வெந்த தட்டைச் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். மந்தமான ஒலி வந்தால் கீறல் இருக்கிறது அல்லது வேக்காடு குறைவு என்று பொருள்.

குறைகளும் காரணங்களும்

நடுவில் நெளிந்த பிளவு: அடியை அழுத்தித் தேய்க்கவில்லை, நீரைத் தேங்க விட்டீர்கள்.
விளிம்பில் வெடிப்பு: விளிம்பு மெல்லியது, வேகமாகக் காய்ந்தது.
தட்டு கோணல்: ஈரத்தில் கையால் தூக்கினீர்கள், ஒரு பக்கக் காற்று பட்டது.
சூளையில் சிதறல்: முழுதும் உலரவில்லை, முதல் தீ அதிகம்.
சில நாளில் பொரிதல்: மண்ணில் சுக்கான் கல்.

உடைந்த ஒவ்வொரு தட்டையும் எறியும் முன், இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதவும். சுடாத தட்டு உடைந்தால் நட்டமில்லை. காய வைத்து மீண்டும் கரைத்து விடலாம்.

பயன்படுத்தும் முறை

இத்தட்டில் நுண்துளைகள் உண்டு. எண்ணெயையும் குழம்பையும் உறிஞ்சும். எனவே ஒரு நாள் நீரில் ஊற வைத்து, பின் அரிசிக் கஞ்சியில் கொதிக்க வைத்து உலர்த்திப் பழக்கவும். இட்லி, சுண்டல், பழம், தாம்பூலம் வைக்க ஏற்றது. ஈரத்தோடு அடுக்கினால் பூசணம் பிடிக்கும். கழுவியதும் வெயிலில் காய வைக்கவும்.

மெருகுக்காக எந்த வண்ணமும் உட்புறம் பூச வேண்டாம். என்ன சேர்ந்தது என்று தெரியாத மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கக் கூடும். புளிக் குழம்பும் மோரும் அதைக் கரைத்து உணவில் சேர்க்கும். இது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாகும்.

உணவுக்கு உதவாத கோணல் தட்டுகள் வீணல்ல. கோழிக்கு நீர் வைக்கவும், பூந்தொட்டியின் அடியில் வைக்கவும் அவை பயன்படும்.

விற்பனைக்கு முன்

பத்துத் தட்டு வனைந்தால் எட்டாவது முழுமையாகச் சூளையிலிருந்து வரும் வரையில் விற்பனை பற்றி எண்ண வேண்டாம். அது ஒரு கோடையில் கைகூடலாம்; இரண்டு கோடையும் ஆகலாம். அதற்குப் பின்னும் இது உழவுக்குத் துணையே தவிர மாற்று அன்று. எரிபொருள், மண் ஏற்றிய கூலி, உங்கள் வேலை நாட்கள், உடைந்தவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட்டி, நல்ல தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அடக்க விலை கிடைக்கும். அதற்குக் குறைவாக விற்பது உங்களுக்கு மட்டுமல்ல, இத்தொழிலையே நம்பி வாழும் குலாலர் குடும்பங்களுக்கும் கேடு செய்யும். அவர்கள் பானையும் அடுப்பும் விற்கும் சந்தையில் நீங்கள் தட்டுகளைக் கொண்டு போனால், இருவருக்கும் இடமிருக்கும்.

தொழிலாக எடுத்து நடத்த விரும்புவோருக்கு, தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் மட்பாண்டத் தொழிலும் சேர்க்கப்பட்டுள்ளது. கடன், மானியம், தகுதி விதிகள் ஆகியவற்றை விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு அறியலாம்.

உழவர் பெருமக்களே! நாற்றங்காலைப் பதப்படுத்தாமல் நல்ல நாற்று இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். தட்டும் அவ்வாறே. மண்ணைப் பதப்படுத்துவதிலும், அடியை அழுத்துவதிலும், நிழலில் உலர்த்துவதிலும் பொறுமை காட்டுங்கள். வரும் கோடையில் ஏரி வற்றியதும் ஒரு கூடை மண்ணோடு தொடங்குங்கள். முதல் தட்டு உடைந்தால் காரணத்தைக் கண்டு, இரண்டாவதை வனையுங்கள்.